இருபத்து மூன்றாம் மானிட்டர்

டீ குடித்துவிட்டு வருவதற்குள் இருபத்து மூன்றை மூடி வைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஈ மொய்க்கிறது, குழம்பை மூடி வை என்று சொல்வதைப் போல. காந்தக் குழுவின் தலைவர் நம்பிராஜன் சாரோடு கட்டுப்பாட்டு அறையே எழுந்து போயிற்று. டெல்லியிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்னால், அவர்களுக்குப் பின்னால் காந்தக் குழு, மின்குழு, வெற்றிடக் குழு, கடைசியாகப் போனவன் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினான். மகாராசியை யாரும் டீக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போயிருக்க மாட்டாள், ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம். அறையில் இப்போது அவளும் ஆப்பரேட்டர் ஜெபஸ்டினும்தான். ஒவ்வொரு முறை பீம் என்கிற எலக்ட்ரான் கற்றை சுரங்கத்தில் இருக்கும் குழாய் வளையத்துக்குள் நுழையும்போதும் ஸ்பீக்கரில் டொக் என்று கேட்கும்படி ஜெபஸ்டின் செய்து வைத்திருந்தார். டொக். திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக எழும். பீம் போகும் இடத்தைச் சொல்லக் குழாய் நெடுகப் பொருத்திய மானிட்டர்களில் இருபத்திரண்டு வரைக்கும் அது நடுவில் ஒழுங்காக வருகிறது. இருபத்து மூன்றில் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. இருபத்து நான்கில் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வளையம் முழுக்க ஒன்றுமில்லை. டொக். மறுபடியும் அதேதான். பழைய வளையமாக இருந்தால் இவ்வளவு ஒதுங்கினாலும் பிழைத்துப் போயிருக்கும், அதன் குழாய் உள்ளங்கை அகலம். பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிய இந்த வளையத்தில் குழாய் விரல் தடிமன்தான், கொஞ்சம் தப்பினாலும் பீம் சுவரில் மோதிச் செத்துப்போகும். மூன்று வாரமாக இருபத்து நான்குக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மகாராசியோட மானிட்டர் தப்பு, அது சொல்றத நம்பி கணினி பீமைத் தப்புப் பக்கம் திருப்புது.

மகாராசியோட மானிட்டர். ஆரம்பத்தில் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் கவனித்தாள். பீம் முதல்முறை வளையத்துக்குள் வந்து பச்சைக்கோடு எழுந்த அன்றைக்கு நம்பிராஜன் சார் கைதட்டி, பாத்தீங்களா, நம்ம மானிட்டர் எவ்வளவு அழகாப் பேசுது என்றார். நம்ம மானிட்டர். இருபத்து மூன்றில் வம்பு வந்ததும் அது மகாராசியோட மானிட்டர் ஆகிவிட்டது. காந்தங்களுக்கு அப்படி இல்லை, அவை என்றைக்கும் எங்க காந்தம்தான், நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரு கூட்டமே அவற்றின் பின்னால் நிற்கும். போன வாரக் கூட்டத்தில் ஒருவன் பேரு மகாராசி, வந்த நேரம் மட்டும் சரியில்ல என்றான், சுற்றிலும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்.  சிரிக்காமல் அவன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும், ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம், வெறுமனே பார்த்திருந்தால் போதும். டொக். மூடுவதென்றால் கணினியிடம் இந்த மானிட்டர் சொல்வதை இனிக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்வது. கணினி காரணம் கேட்கும். பழுது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் கீழே பெயர் தானாக விழும், அவளுடைய பெயர், ஏனென்றால் மானிட்டரை மூடும் உரிமை இந்தக் கட்டடத்திலேயே அவளுடைய கணக்குக்கு மட்டும்தான். அதனால்தான் நம்பிராஜன் சார் தானே மூடாமல் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவளுடைய மானிட்டர் பொய் சொல்கிறது என்பதை அவளே, தன் விரலாலேயே. இந்த மாதத்தோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

மானிட்டர் என்ன பெரிய மாயமா, குழாயைச் சுற்றி நான்கு உலோகப் பொத்தான்கள், பீம் எந்தப் பொத்தானுக்கு அருகில் போகிறதோ அந்தப் பொத்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசும், அவ்வளவுதான். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. கேபிளை மாற்றிச் செருகினால் மட்டும் இடத்தை வலம் என்று சொல்லும், அதுவும் அதன் பொய் இல்லை, செருகியவரின் பொய். செருகியவள் அவள்தான். இங்கேதான் ஒவ்வொரு முறையும் முள்ளில் சேலை மாட்டுவதுபோல் அவள் நினைப்பு மாட்டிக்கொள்கிறது. இருபத்து மூன்றாவது இடம் மற்ற இடங்களைப் போல இல்லை. சுரங்கத்தில் எல்லோரும் வளையத்தின் உள்பக்கம் நின்றுதான் வேலை பார்ப்பார்கள், அங்கேதான் நடைபாதை. இருபத்து மூன்றில் மட்டும் மேலிருந்து ஒரு பெரிய குளிர்காற்றுக் குழாய் இறங்கி நடைபாதையை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் வெளிச்சுவருக்கும் வளையத்துக்கும் நடுவில் புகுந்து, ஒருக்களித்து நின்று வேலை செய்ய வேண்டும். உள்ளே நிற்பவனுக்கு எது வலமோ, வெளியே நிற்பவனுக்கு அது இடம். இதற்காகவே அவள் முதல்நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தாள், எங்கே நின்றாலும் சரி, கேபிளைத் தொடுவதற்கு முன் பஸ்ஸில் முன்சீட்டைப் பார்த்து உட்காருவதுபோல், பீம் போகும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்புறம்தான் வலம், அப்புறம்தான் இடம். நூற்றுக்கு மேல் மானிட்டர். ஒன்றில்கூடத் தவறவில்லை. இருபத்து மூன்றில் போன் வந்தது.

ஏ மகாராசி, சிலிண்டர்க்காரன் வாசல்ல நிக்கான், நம்பர் வந்துச்சா. அப்பாவின் குரல், பின்னால் லாரி உறுமல், தெருநாய். வீட்டில் ரேஷன் கார்டு, கேஸ், கரண்டு, வங்கி எல்லாம் அவள் போன் நம்பரில்தான். அவள்தான் இணைத்தாள், நம்பர் வந்தால் வாசிக்கத் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, குறுஞ்செய்தியைத் தேடி, நாலு இலக்கத்தையும் சொன்னாள். அப்பா அதை சிலிண்டர்க்காரனிடம் மாற்றிச் சொன்னார். மறுபடி சொன்னாள். அப்பா மறுபடியும் மாற்றினார். சிலிண்டர்க்காரன் ஏதோ முணுமுணுக்க, அப்பா அவனிடம், எம்மக சயின்டிஸ்டு, பெரிய மெஷினுக்குள்ள நிக்கா, செத்த பொறுலே என்றார். அதற்குப் பிறகு போனைப் பையில் போட்டாள். கையுறையை மாட்டினாள். கேபிளை எடுத்தாள். திருகினாள். இறுக்கம் போதும் என்று குறடு கட்டென்று விட்டது கைக்கு நினைவிருக்கிறது, கை எதையும் மறக்காது, நான்கு தடவை கட், கட். முகம்? முகத்தைத் திருப்பினாளா? திருப்பியிருந்தால் கண்ணெதிரே சுரங்கத்தின் வளைவு தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு நினைவில் இருப்பது அந்தக் குளிர்காற்றுக் குழாய், வெள்ளிநிற உறை, அதில் பாதி கிழிந்த ஒட்டுத்தாள், மூக்குக்கு நேரே. மூக்குக்கு நேரே என்றால் திருப்பவில்லை. ஆனால் அது போன் பேசும்போது பார்த்ததாகவும் இருக்கலாம். நம்பரைச் சொல்லும்போது எதையாவது பார்த்துக்கொண்டுதானே நின்றிருப்பாள். இல்லை, ஒட்டுத்தாளின் பசை குறட்டின் பிடியில் ஒட்டியது, குறடு கையில் இருந்தது, ஆகவே வேலை செய்துகொண்டிருந்தபோது. அல்லது குறட்டை இடக்கையில் வைத்துக்கொண்டே பேசினாளா. டொக். ஏன் அப்பா அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும். ஒரு தடவையாவது நாலு எண்ணைச் சரியாகச் சொல்லக்கூடாதா. இப்படி நினைத்ததுமே அவளுக்குத் தன் மேல் ஆத்திரம் வந்தது, உப்புக் கிட்டங்கியில் மூட்டை தூக்கி அவளை இந்த நாற்காலி வரை அனுப்பியவர் அவர், அவர்மேல் போய் விழுகிறதே இந்தக் கோபம். விழ வேண்டிய இடத்தில் விழத் தெரியாத கோபம், ஏழைவீட்டுக் கோபம், வெளியே அடிவாங்கி வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை உருட்டும்.

விழ வேண்டிய இடம் எதுவென்றும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் ஒரு குவிக்கும் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. பீம் கொஞ்சம் விலகினால் அதைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. கேபிளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் அது நேர்மாறாகச் செய்யும், கொஞ்சம் விலகியதை வெளியே இன்னும் பிடித்துத் தள்ளும். அதே மூலை, அதே குளிர்காற்றுக் குழாய். அந்தக் காந்தத்துக்குக் கேபிள் கொடுத்தவர்களும் வெளிச்சுவர்ப் பக்கம் ஒருக்களித்துத்தான் நின்றிருப்பார்கள். நம்பிராஜன் சார் தன் கையாலேயே படம் வரைந்து, சிவப்புக் கேபிள் வலப்பக்கம் என்று எழுதி, நகல் எடுத்து ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒட்டியிருந்தார். யாருடைய வலம் என்று எழுதவில்லை. உள்ளே நின்று வரைந்தவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. எல்லாக் காந்தமும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். இதை அவள் காலையில் சொன்னாள், சொல்லத் தொடங்கினாள், காந்தத்த ஒரு தடவ பாத்துரலாமா சார். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. முதல்ல உன் வீட்டக் கூட்டும்மா, அப்புறம் எங்க வாசலுக்கு வா என்றார். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கூட்டும்மா. அவள் பெரியம்மா ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற வேலை பார்த்தாள், அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, சும்மா சொல்கிற சொல்தான், ஆனால் அந்தச் சொல் எந்தெந்த வீட்டில் சும்மா விழும், எந்தெந்த வீட்டில் தைக்கும் என்று அவர் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. டொக்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. சின்ன வழி. காந்தத்துக்கு முன்னால் பீமை மயிரிழை இடப்பக்கம் தள்ளிப் பார்ப்பது, பிறகு மயிரிழை வலப்பக்கம். அவளுடைய கேபிள் மாறியிருந்தால் இருபத்து மூன்று கண்ணாடி மாதிரி சொல்லும், இடம் என்றால் வலம், ஆனால் தூரம் சரியாக இருக்கும். காந்தம் திரும்பியிருந்தால் பக்கம் சரியாக இருக்கும், தூரம் மட்டும் இழுத்துவிட்ட ரப்பராக நீளும். கண்ணாடியா ரப்பரா. நாலைந்து டொக்கில் தெரிந்துவிடும். மூன்று வாரமாக இந்தச் சோதனை அவள் மனதில் இருக்கிறது, மூன்று வாரமாக அதற்கு அனுமதி இல்லை, நேரம் இல்லை, பீமைத் தள்ளும் உரிமை காந்தக் குழுவுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அதெல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்மை. சோதிக்காதவரை அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. விடுதி அறையில் படுத்துக்கொண்டு அவரை, அந்த மூக்குச் சிரிப்பை, எல்லோரையும் திட்டலாம். கண்ணாடி என்று வந்துவிட்டால் திட்டியதெல்லாம் திரும்பி வந்து அவள் வாயிலேயே விழும். மூன்று வாரம் ஒரு வளையத்தையே நிறுத்தி வைத்தது ஒரு சிலிண்டர் நம்பர் என்று ஆகிவிடும். அந்தப் பொண்ணா, அதுங்கல்லாம் அப்படித்தான் என்று ஆகிவிடும். அதுங்க. ஒருத்தி தப்புச் செய்தால் பின்னால் வரப்போகிற பத்துப் பேருக்கும் சேர்த்துச் செய்ததாக ஆகிவிடும். நம்பிராஜன் சார் தப்புச் செய்தால் நம்பிராஜன் சார் மட்டும்தான் தப்புச் செய்வார். இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகத்தில் போட்டார்கள்.  நகத்தைக் கடித்தாள், கடிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. திரையில் இருபத்து மூன்றாம் வரிசை மஞ்சளாக மின்னியது. அதைப் பார்த்தால் வகுப்பில் எழுப்பி நிற்கவைத்த பிள்ளை மாதிரி இருந்தது, சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்கிறது, வெளிப்பக்கம், வெளிப்பக்கம், வெளிப்பக்கம். எத்தனை பேர் சிரித்தாலும் அது மாற்றிச் சொல்லவில்லை. நீ சொல்றது சரின்னா நான் செத்தேன், நீ சொல்றது தப்புன்னாலும் நான் செத்தேன், பின்ன எதுக்குல இப்படி அடம்பிடிக்க என்று அவள் அதனிடம் மனதுக்குள் கேட்டாள். சரி என்றால் எப்படிச் சாவாள் என்று அடுத்த நொடியே தன்னைக் கேட்டுக்கொண்டாள். சரி என்றால் நம்பிராஜன் சார் தப்பு. அதைச் சொல்ல வேண்டியவள் அவள். அப்படித்தான்.

ஜெபஸ்டின் அண்ணே, எனக்கு ஒரு சின்னத் தள்ளு வேணும் என்று சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது. அவர் நாற்காலியோடு திரும்பினார். என்ன தள்ளு, எவ்வளவு தள்ளு என்று கேட்டுக்கொண்டு, சார் சொன்னாரா என்றும் கேட்டார். இல்லை என்றாள். ஏம்மா, ஒன் தலையோட என் தலையவும் சேத்து வைக்கப் பாக்கியா என்றார். நான் கேட்டேன்னு சொல்லுங்க என்றாள். அத வேற சொல்லணுமாக்கும், இங்க இருக்கது ரெண்டு பேரு, பீமு தானா நடந்து போச்சுன்னா நம்புவானுவ என்று சொல்லிக்கொண்டே அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அவருக்கும் இதே டொக்கை மூன்று வாரமாகக் கேட்டு அலுத்திருக்க வேண்டும். டொக். இடப்பக்கம் ஒரு மயிரிழை. அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்த்தாள், சுடிதாரில் டீக்கறை, எப்போது சிந்தியது. பாரும்மா என்றார் ஜெபஸ்டின். நிமிர்ந்தாள். இருபத்து மூன்று இடப்பக்கமே போயிருந்தது. கண்ணாடி இல்லை. தூரத்தைப் பார்த்தாள், இருக்க வேண்டியதற்கு மூன்று மடங்கு. வலப்பக்கம் தள்ளச் சொன்னாள். டொக். வலம். மூன்று மடங்கு. இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை. ரப்பர். ரப்பர். அவளுடைய முகம் பீமின் திசைக்குத் திரும்பித்தான் இருந்திருக்கிறது. நினைவில் இல்லாவிட்டாலும் உடம்பு தானாகத் திரும்பியிருக்கிறது. நிம்மதி வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அதன் இடத்தில், ஏற்கனவே இருந்த கோபத்துக்கு அடியிலிருந்து வேறொரு கோபம் ஊறி வந்தது, கூட்டங்களையும் மூக்குச் சிரிப்பையும் விட்டுவிட்டு, இரவெல்லாம் அந்த ஒட்டுத்தாளின் கிழிசலை நினைத்து நினைத்துத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்ட மூன்று வாரத்தைத் திருப்பிக் கேட்டது. அதை யார் திருப்பித் தருவார்கள். அப்பாவைக்கூடக் கொண்டுபோய் அந்தக் கூண்டில் நிறுத்தினாளே.

நம்பிராஜன் சார் தனியாகத்தான் முதலில் வந்தார், விருந்தாளிகள் நடைக்கூடத்தில் மாட்டியிருந்த பழைய வளையத்தின் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேச்சு கண்ணாடிக் கதவு வழியே முணுமுணுப்பாகக் கேட்டது. மூடியாச்சாம்மா என்றார். இல்ல சார் என்று எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள், உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம், இந்தக் கால்கள் எப்போதும் அவளைக் கேட்காமல் எழுகின்றன. இடம், வலம் இரண்டையும் திரையில் காட்டினாள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள், தேவைப்படவில்லை, அவர் நல்ல விஞ்ஞானி, பார்த்த கணமே புரிந்துவிட்டது. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. யாரைக் கேட்டுத் தள்ளினீங்க என்று ஜெபஸ்டினிடம் பாயப்போகிறார் என்று நினைத்தாள், அவர் அதையும் செய்யவில்லை. அவருடைய மேலுதட்டில் டீயின் ஈரம், காதோரம் சாயம் போடாமல் விட்ட நரை. பயந்திருக்கிறார். அவளுக்குப் பழக்கமான பயம், அவள் தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கும் பயம், அதை இந்த முகத்தில் பார்ப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, பார்த்ததும் உள்ளே ஏதோ இளகப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்போதைக்கு மூடும்மா. அவங்க கிளம்பட்டும். அப்புறம் நானே உள்ள போய் கேபிளை மாத்திடறேன், யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம். இது வெளிய வந்தா எல்லாக் காந்தத்தையும் முதல்லேருந்து பாருன்னுவாங்க."

"பழுதுன்னு என் பேர்ல இருக்குமே சார்."

"ஒரு வரிதானே. உன் ஒப்பந்தத்த நான் பாத்துக்கறேன். நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. மூன்று வாரமாக எங்கே இருந்தார். இளகியது அப்படியே இறுகியது. ஒரு வரி. அவருக்குப் பின்னால் ஆயிரம் வரிகள் இருக்கின்றன, கட்டுரைகள், விருதுகள், அவர் அப்பா பேராசிரியராக இருந்தாராம், ஒரு வரி கோணலாகப் போனால் மற்றவை தாங்கிப் பிடிக்கும். அவளைப்பற்றி இந்த உலகத்தில் எழுதப்படப் போகிற முதல் வரி இதுதான். அதையும் பொய்யாக எழுதச் சொல்கிறார், அதுவும் அன்பாக. கத்தியிருந்தால்கூடப் பயந்து மூடியிருப்பாளோ என்னவோ, இந்த அன்பு அவளுக்கு எரிந்தது. எல்லாக் காந்தத்தையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்தான். நடைபாதை அடைபட்ட மூலைகள் வளையத்தில் இன்னும் இருக்கின்றன, அங்கெல்லாம் யாருடைய வலத்தைப் பார்த்துச் சிவப்பைக் கொடுத்தார்களோ. அதை அவர் யோசித்திருப்பார், யோசித்துத்தான் பயப்படுகிறார், இருந்தும் மூடச் சொல்கிறார். அவள் திரையை விட்டு நகர்ந்தாள். கதவோரச் சுவரில் சாவிப் பலகை இருந்தது. சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து ஆளுக்கொரு சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சாவி பலகையில் குறைந்தாலும் பீம் நின்றுவிடும், அந்த ஆள் வெளியே வந்து சாவியைத் திரும்ப மாட்டுகிறவரை இயக்குநரே வந்தாலும் அதைக் கிளப்ப முடியாது. உள்ளே இருப்பவரின் உயிர் அவர் பையிலேயே இருக்கட்டும் என்று வைத்த விதி. பயிற்சி முடித்த யாரும் எடுக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மகாராசி ஒரு சாவியை உருவினாள். ஸ்பீக்கர் அடங்கியது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது. ஜெபஸ்டின் பச்சை அணைந்த திரையையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் பார்க்காமல் இருந்தார். கதவு திறந்து விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள், முன்னால் வந்த வெள்ளைத்தலை அம்மாள் ஏன் எல்லாம் நின்றிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நம்பிராஜன் சார் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள், ஒரு காந்தத்துக்குக் கேபிள் தலைகீழாக இருக்கிறது, சரிபார்க்க உள்ளே போகிறோம் என்று, அவளுடைய உடைந்த ஆங்கிலத்தில், வாக்கியம் நடுவில் ஒருமுறை தட்டுத்தடுமாறி. அப்புறம் அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"உள்ள தனியாப் போகக் கூடாது சார். காந்தக் குழுலேருந்து ஒருத்தர் கூட வரணும்."

பலகையிலிருந்து இரண்டாவது சாவியையும் உருவி அவரை நோக்கி நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை மேசை விளிம்பிலேயே இருந்தது.  நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.